அபெயோகுட்டாவில் எனக்கொரு கதிரை

மார்ச் 3, செவ்வாய்

மழையும் பனியும் கலந்து. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் பெரிய இயந்திரம் மறுபடி நின்றுவிட்டது. விரிப்புகள் எல்லாம் ஈரமாகக் குவிந்து கிடந்தன. மேற்பார்வைக்காரி வந்தாள், இயந்திரத்தைப் பார்த்து "ஓ லா லா" என்றாள், போனாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

வீட்டுக்கு வந்தால் மகள் தர்சினி மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறாள். எனக்குத் தேத்தண்ணியும் ஊற்றி மூடி வைத்திருந்தாள். அப்போதே தெரிந்தது, பெரிதாக ஏதோ வரப்போகிறது.

நிச்சயதார்த்தமாம். ஓகஸ்டில். செகுனின் ஊரில். நைஜீரியா, அபெயோகுட்டா.

"நீங்கள் வரவேணும் அம்மா. மற்ற ஞாயிறுக்குள்ளை முடிவு சொல்லுங்கோ. அவையள் மண்டபம் பிடிக்கவேணும்."

செகுனை ஒரு வருடமாகத் தெரியும். இங்கே ஃப்ரிபூர்க்கில் பொறியியல் படித்து, ரயில் பாலங்கள் பார்க்கிற வேலை. வருவான், சுவிஸ்காரன் மாதிரிக் கை குலுக்குவான், சப்பாத்தைக் கழற்றுவான், தண்ணீர் குடிப்பான், போவான். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. இவள் யோசித்திருக்கிறாள்.

செ.யின் தகப்பன் ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார். தாய் இல்லை. அவர் தங்கள் ஊரில் பார்க்கவேண்டிய இடங்களைப் படம் பிடித்து, விளக்கமும் எழுதி அனுப்பியிருக்கிறார். எனக்காகவாம். பார்த்தேன்.

ஓலுமோ பாறை. ஒரு பாறை. ஊர்ப் பெயருக்கே பாறையடி என்றுதான் பொருளாம். பெயர் வைக்க வேறொன்றும் அகப்படவில்லை.

ஓகுன் ஆறு. பால் விட்ட தேத்தண்ணி நிறம்.

தேவாலயம். நாட்டிலேயே முதலாவது என்று எழுதியிருக்கிறார். இவர்களுக்கு எல்லாம் முதலாவது.

அரண்மனை. ராசா இப்போதும் இருக்கிறாராம். என்ன செய்கிறார் என்று கேட்டேன். தர்.க்குத் தெரியாது.

ஈட்டோக்கு சந்தை. நீலச் சாயத் துணி, மலை மலையாக. முதல் தோய்ப்பிலேயே மற்ற உடுப்பெல்லாம் நீலமாகிவிடும். படத்தில் பார்த்தாலே தெரிகிறது எனக்கு.

கூரைகள். ஊர் முழுக்கத் துருப்பிடித்த தகரம். இதை அவர் பட்டியலில் போடவில்லை. நான் போடுகிறேன்.

"எப்பிடி அம்மா?"

"பாறை நல்லாயிருக்கு" என்றேன். அவள் கணினியை மூடிவிட்டாள்.

மார்ச் 4, புதன்

குளிர். முழங்கால் நோ.

சோலோதுர்ன் நகரில் இருக்கிற அண்ணை தொலைபேசி எடுத்தார். என் கூடப்பிறந்தவர். அங்கே தமிழ் மன்றத்துத் தலைவர். தொலைபேசியிலும் மைக் பிடித்த மாதிரித்தான் கதைப்பார். தர். அவருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறாள், மரியாதைக்கு.

"நாங்கள் ஒருத்தரும் போறேல்லை. விளங்குதோ? உதுக்கு நாங்கள் போய் நிண்டால் நாளைக்கு எங்கட பிள்ளையளுக்கு என்ன முகத்தோடை புத்தி சொல்லுறது?"

அவருடைய பிள்ளைகள் அவர் சொன்ன ஒரு புத்தியையும் இதுவரை கேட்டதில்லை. நான் அதைச் சொல்லவில்லை. "ஓம் அண்ணை, பாப்பம்" என்றேன்.

பிறகு தர். சமையலறையில் நின்று விளக்கினாள். அவர்களுடைய முறைப்படி பெண்ணின் பெரியவர்கள் முன்னால் கதிரையில் இருக்கவேண்டுமாம். மாப்பிள்ளையும் அவன் தோழர்களும் அவர்கள் முன்னால் குப்புற நெடுஞ்சாண்கிடையாக விழுவார்களாம். பெரியவர்கள் ஆசி சொல்லி எழுப்பினால்தான் எழும்பலாம். இதையெல்லாம் நடத்தி வைக்கக் கூலிக்கு ஒரு வாய்க்காரப் பெண்ணையும் பிடிப்பார்களாம். இரண்டு வீட்டாரையும் பகிடி பண்ணுவது அவள் வேலை. எங்களுக்கு அந்தச் செலவில்லை. சொந்தக்காரர் சும்மாவே செய்வார்கள்.

குடும்பம் முழுக்க ஒரே துணியில் தைத்து உடுப்பார்களாம். எங்கள் சலவைக்கூடம் மாதிரி.

"நான் வராட்டில் என்ன? வீடியோவிலை பாக்கிறன்."

"நீங்கள் வராட்டில் அவன் ஆருக்கம்மா விழுறது? வெறுங்கதிரைக்கோ?"

நான் வெங்காயம் வெட்டினேன்.

மார்ச் 6, வெள்ளி

வெயில், ஆனால் பொய் வெயில்.

செ. சாப்பிட வந்தான். நண்டு வைத்தேன், பொரித்த கத்தரிக்காய், பருப்பு. கதவைத் திறந்தேன். "பொன்ஸ்வா" சொல்லிக்கொண்டே உள்ளே கால் வைத்தவன், கதவைச் சாத்தமுன் தடால் என்று குப்புறக் கிடக்கிறான். எங்கள் வாசல் நடை ஒடுக்கம், ஆள் நெடுவல். மூக்கு என் பனிச்சப்பாத்துக்குள். கால் இரண்டும் வெளியே படிக்கட்டுப் பக்கம்.

சப்பாத்தில் தடக்கி விழுந்தான் என்றே நினைத்தேன். ஓடிப்போய்த் தைலப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டு மதாம் வாசலில் நின்று அம்புலன்ஸ் கூப்பிடவா என்கிறாள். செ. அசையவில்லை.

"அம்மா, அவன் உங்களைக் கும்பிடுறான்" என்றாள் தர்.

கோவிலில் ஆண்கள் அப்படி விழுவார்கள், அது சாமிக்கு. மணவறையிலிருந்து வந்து காலைத் தொடுவார்கள். பனிச்சப்பாத்துக்குள் முகத்தை வைத்து நெடுஞ்சாண்கிடையாகக் கிடக்கிறதை நான் எங்கே கண்டேன்? தைலப் போத்தலோடு நின்றேன். ஏதோ சொல்லவேண்டும் என்று தெரிந்தது. மதாம் வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கடைசியில் அவனே எழும்பி, முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரித்தான். தர். சிரிக்கவில்லை.

நண்டை நன்றாகச் சாப்பிட்டான். உறைப்போ என்று கேட்டேன். தங்கள் ஊரில் இதைவிட உறைப்பு என்றான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

பிறகு ஆற்றுக் கதை. ஓகுன் ஆற்றில் இவனுடைய பாட்டன் காலத்து ரயில் பாலம் இருக்கிறதாம், அதைப் பார்த்துத்தான் பாலம் படிக்க ஆசை வந்ததாம். இங்கத்தைய சாரீன் ஆறு அதற்கு முன்னால் வாய்க்காலாம். சொல்லிவிட்டு, "உங்கள் யாழ்ப்பாணத்தில் என்ன ஆறு?" என்று கேட்டான்.

"கிணறு இருக்கு" என்றேன்.

ஆறு ஓடுகிற ஊர்க்காரருக்கு ஒரு திமிர். தாங்களே வெட்டிவிட்டது போல.

மார்ச் 7, சனி

துன் நகருக்குப் போனேன். தூரத்துச் சொந்தத்தில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. போகாவிட்டால் கதை வரும்.

பிள்ளையைச் சோடித்த பல்லக்கில் ஏற்றி, கீழே புகை விட்டு, மண்டபத்துக்குள் இழுத்து வந்தார்கள். புகையில் பிள்ளை இருமிக்கொண்டே வந்தது. வீடியோக்காரர் அதை மறுபடி வெளியே கொண்டுபோய் மறுபடி வரச்சொன்னார். இருமல் இல்லாமல் வேணுமாம். தகப்பன் வெளிநாட்டுச் சாராயப் போத்தல்களுக்குப் பக்கத்தில் நின்று தமிழ்ப் பண்பாடு பற்றிக் கதைத்தார்.

காதில் விழுந்தவை:

"சாறி வாடகைக்கு எடுத்ததாம், ஆருக்கும் சொல்லாதை."

"கேக் ஆறு தட்டு. எங்கடது ஏழு."

"மகேசின்ரை பெட்டைக்குக் கறுவலாம். ஓம், ஆபிரிக்கன்."

மகேசு என்றால் நான். தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

ஆலாத்தி எடுக்கும் நேரம், பிள்ளையை வடிவாகப் பார்க்கலாம் என்று முன்னுக்குப் போனேன். மஞ்சள் பட்டு உடுத்த ஒருத்தி முழங்கையைப் பிடித்தாள். மெதுவாகத்தான் பிடித்தாள்.

"அக்கா, நீங்கள் உங்காலை இருங்கோ. கமராவுக்கை வருவியள்."

தர்சினியின் அப்பா செத்த நாளிலிருந்து இதுதான். வாயால் சொல்லமாட்டார்கள். கமரா என்பார்கள், இடமில்லை என்பார்கள், "சாப்பாட்டுப் பக்கம் ஒருக்கால் பாருங்கோவன்" என்பார்கள். சாப்பாட்டுப் பக்கம் போனேன். வடை ஊசிப்போயிருந்தது.

இவர்களுடைய கமராவும் பல்லக்கும். வரும்போது ரயிலில் அழுகை வந்தது. எதிரே ஒரு சுவிஸ் கிழவன் தன் நாய்க்கு பிஸ்கற் கொடுத்துக்கொண்டிருந்தான். அதனால் அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

மூடல். உடுப்பு மடிக்கவேண்டிய நாள்.

மத்தியானம் வாத்தியார் வீடியோவில் வந்தார். பாறையில் ஏறிக்கொண்டு. தலையில் தொப்பி, கையில் தடி, நெஞ்சு ஏறி இறங்குகிறது. மேலே போக லிஃப்ட் இருக்கிறதாம். அதில் ஏறினால் பாறை விளங்காதாம். படியில் ஏறுகிற கிழவருக்குப் பாறை விளங்குமோ இல்லையோ, எங்களுக்கு அவருடைய மூக்குத் துவாரம்தான் விளங்கியது.

"மேடம், அங்கே பாருங்கள், ஆறு. மேடம், அதோ தேவாலயக் கோபுரம். மேடம், அந்தப் பக்கம் அரண்மனை." மாணவருக்குப் பாடம் எடுக்கிற அதே ஆங்கிலம், ஒவ்வொரு சொல்லுக்கும் பிரம்படி. நான் காலுறைகளைச் சோடி பார்த்துக்கொண்டு "ஓம், ஓம்" என்றேன். தர். என் தொடையில் கிள்ளினாள். பின்னால் தகரம், தகரம், தகரம்.

பிறகு அவர் குனிந்து பாறைக்கு அடியில் போனார். பதிந்த இடம், குகை மாதிரி. படம் உடைந்து உடைந்து வந்தது. தரைக் கல்லில் வட்டம் வட்டமாகக் குழிகள். கைபேசியைக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினார். உள்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"சண்டைக் காலத்தில் எங்கள் ஆட்கள் இதற்குள்தான் ஒளித்திருந்தார்கள், மேடம். இந்தக் குழிகளில் பெண்கள் அரைத்தார்கள். சோளம், மிளகாய். இதற்குள் இருந்து உயிர் தப்பியவர்கள் வெளியே வந்துதான் ஊரைக் கட்டினார்கள். அதனால்தான் பாறையடி."

கையில் ஒற்றைக் காலுறை. அதைக் கீழே வைத்தேன்.

"அரைக்கேக்கை சத்தம் கேக்காதோ எண்டு கேள்" என்றேன் தர்.இடம்.

"என்னம்மா?"

"வெளியிலை நிக்கிறவனுக்குச் சத்தம் கேக்காதோ? கேள்."

கேட்டாள். வாத்தியார் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தக் குழியைக் குனிந்து பார்த்தார்.

"தெரியாது மேடம். காலம் முழுக்கப் பிள்ளைகளை இங்கே கூட்டி வந்தேன். இதை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கும் தோன்றவில்லை."

அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. நல்லது. தர். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலுறையைத் தேடுகிற மாதிரிக் குனிந்தேன்.

மார்ச் 9, திங்கள்

வேலையில் ஒன்றும் ஓடவில்லை. தலையணை உறைகளைத் தப்பான வண்டியில் போட்டேன். மேற்பார்வைக்காரி: "ஓ லா லா."

ஊரில் சண்டைக் காலத்தில் நாங்கள் பின்வளவில் பங்கர் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டிருந்தோம். எங்கள் வீடும் பக்கத்து மாஸ்ரர் வீடும் அதற்குள். பொம்பர் விமானம் வந்தால் இறங்குவது, போனால் ஏறுவது. ஒருநாள் போகவே இல்லை, சுற்றிச் சுற்றி நின்றது. பசி. அம்மா சின்ன உரலையும் உள்ளே இறக்கியிருந்தா. செத்தல் மிளகாயையும் உப்பையும் போட்டு இடிக்கத் தொடங்கினா. மாஸ்ரருக்கு உதறல்.

"உலக்கையை வையணை, மேலை கேக்கும்."

"கேட்டால் இறங்கி வரட்டும். சம்பல் எல்லாருக்கும் காணும்" என்றா அம்மா.

அந்த நேரத்திலும் எல்லாரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே உடுப்பை நனைத்துவிட்டேன், பயத்தில். அப்போது எனக்குப் பாவாடை தாவணி வயது. அதை ஒருவருக்கும் சொன்னதில்லை, தர்.க்கும்.

பிறகு அதை மண்போட்டு மூடினோம். மேலே வாழை வைத்தோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒளித்திருந்த இடம் என்ன பெரிய இடமோ என்று நினைத்தோம். பாறைக்காரர்கள் தாங்கள் ஒளித்த இடத்துக்குப் படி கட்டி, லிஃப்ட் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள். ஊருக்கு அதையே பெயராக வைத்திருக்கிறார்கள். வெட்கமில்லாத சனம்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மார்ச் 11, புதன்

சோலோதுர்ன் அண்ணை நேரிலேயே வந்துவிட்டார். அவர் பெண்சாதி, மச்சாள், தந்துவிட்ட மிக்சர்ப் பை ஒன்று. கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், என் வீட்டுக்கு. தர். வேலைக்குப் போயிருந்தாள். அவளில்லாத நேரம் பார்த்துத்தான் வந்தார்.

சோபாவில் இருந்து, நாங்கள் ஒரு இனமாக எங்கே போகிறோம் என்று தொடங்கினார். நாங்கள் எங்கேயும் போகவில்லை. இவர் சோலோதுர்னிலிருந்து ரயிலில் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

வாத்தியாரின் படங்களைத் தர். அச்செடுத்து மேசையில் வைத்திருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதென்ன ஆறோ, தேத்தண்ணியோ? கூரையைப் பார், முழுக்கக் கறள். உவைக்கு ஒரு ராசா வேறை."

என் பகிடிகள். சொல் மாறாமல் என்னுடையவை. நான் இந்தக் கொப்பியில் எழுதினபோது நன்றாகத்தான் இருந்தன. அவருடைய வாயில் ஊசின வடை மணம் வந்தது.

பாறைப் படத்தை எடுத்தார். கீழே இருந்த விளக்கத்தை வாசித்தார். சிரித்தார்.

"எலி மாதிரி ஒளிச்ச இடத்தைப் பெருமையாக் காட்டுறாங்களே. எங்கட சனமெண்டால் வெளியிலை சொல்லுமோ?"

"பொம்பர் சுத்தின காலத்திலை நீங்கள் எங்கை இருந்தனீங்கள் அண்ணை?"

"நானோ? இஞ்சை. அகதிக் கேஸ் போட்டுட்டுப் பேர்ணிலை. ஏன்?"

"எலி மாதிரி ஒளிச்சது நான். அம்மா. மாஸ்ரர் வீட்டுச் சனம். நீங்கள் இல்லை. உங்களுக்கு அதைப் பற்றிக் கதைக்க வாயில்லை."

கண்ணாடியைக் கழற்றினார். என் வாழ்நாளில் முதல் தடவை நான் அவரோடு எதிர்த்துக் கதைக்கிறேன்.

"அதை விடு. போனால் நீ எங்கை இருப்பாய்? முன் கதிரையிலையோ? புருசன் இல்லாத நீ, நல்ல காரியத்திலை முன்னுக்கு இருந்து ஆசி குடுக்கப்போறியோ? பெட்டைக்கு நல்லதோ அது? யோசிச்சனியோ?"

இதற்குத்தான் வந்திருக்கிறார். இனம், மன்றம் எல்லாம் மிக்சர். உள்ளே வைத்திருந்த சாமான் இதுதான்.

தேத்தண்ணியை அவர் முன்னால் தள்ளி வைத்தேன். யோசித்துத்தான் இருந்தேன். துன்னிலிருந்து வந்த ரயிலில் அதைத்தான் யோசித்தேன்.

"போனால் என்ரை வாசல் மிதிக்காதை" என்று சொல்லிவிட்டுப் போனார். தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார்.

மார்ச் 12, வியாழன்

தர்.இடம் சொன்னேன். மாமா வந்ததை. கதிரை பற்றிச் சொன்னதை. சொல்லக் கூடாதென்றுதான் இருந்தேன்.

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. எழும்பிப்போய், அறைக்குள் பிரெஞ்சில் நெடுநேரம் செ.யோடு கதைத்தாள். பிறகு வந்து கைபேசியை என் முன்னால் வைத்தாள். வாத்தியாரின் குரல் பதிவு. ஆங்கிலம், பிரம்படி.

"மேடம் தன் கணவர் இல்லாததால் முன்னால் இருக்கலாமா என்று யோசிப்பதாக மகன் சொன்னான். எனக்குக் கேள்வி விளங்கவில்லை. பெற்றவர் இருக்காமல் வேறு யார் இருப்பது? பக்கத்துக் கதிரையில் உங்கள் கணவரின் படத்தை வைக்கலாம். வேண்டாம் என்றால் நான் வந்து இருக்கிறேன், எனக்கும் துணை இல்லை. இன்னொன்று. அரைக்கிற சத்தம் பற்றி ஊரில் வயதானவர்கள் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மேடத்துக்குத் தெரியும் போலிருக்கிறது. வந்தால் சொல்லுங்கள்."

கேள்வி விளங்கவில்லையாம். வாத்தியாராம்.

மூன்று தரம் போட்டுக் கேட்டேன். தர். போன பிறகுதான்.

மார்ச் 14, சனி

சந்தைக்குப் போய் இறால் வாங்கினேன். சாரீன் பாலத்தில் நின்று பார்த்தேன். வாய்க்கால்தான். அவன் சொன்னது சரி.

மச்சாள் தொலைபேசி எடுத்தா. அண்ணைக்கு இரத்த அழுத்தமாம், என்னால். மிக்சர் எப்படி என்றும் கேட்டா. உப்புக் குறைவு என்றேன். பிறகு, குரலைத் தாழ்த்தி, "உண்மையா முன்னுக்கு இருத்துவினமோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். அண்ணை அறைக்குள் வந்துவிட்டார் போல, வைத்துவிட்டா.

துணி அளவு கேட்டுச் செய்தி வந்திருக்கிறது, ஒரே துணி தைக்க. நீலம். சாயம் போகும் என்று தெரிந்துகொண்டே அளவு அனுப்பினேன். தனியாகத் தோய்க்கவேண்டும். உப்புப் போட்டு ஊறவைக்கவேண்டும். தர்.க்கு இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை. நாளைக்கு செ. சாப்பிட வருகிறான், வரட்டும்.

ஓகஸ்டில் அந்தப் பாறைக்கு ஏறவேண்டும். லிஃப்டில்தான். வாத்தியாருக்கு நெஞ்சு இருக்கிறது, எனக்கு முழங்கால்.

மார்ச் 15, ஞாயிறு

வெயில், இன்றைக்கு மெய்.

இறால், கத்தரிக்காய், செத்தல் மிளகாய்ச் சம்பல். இடித்தது. எதிர்வீட்டு மதாம் வந்து ஞாயிற்றுக்கிழமையில் என்ன சத்தம் என்று கேட்டாள். சாப்பாடு என்றேன். ஞாயிற்றில் வெறும் போத்தலைக் குப்பையில் போட்டாலும் சத்தமென்று முறைப்பாட்டுக் கடிதம் போடுகிற நாடு. மாஸ்ரரை இங்கே குடியேற்றியிருக்கலாம்.

செ. விழுந்தால் என்ன சொல்லி எழுப்புவது என்று யோசித்தேன். பிரெஞ்சில் சரிவராது. "எழும்பு ராசா, நல்லாயிரு." அதுதான். விளங்காவிட்டால் விளங்காமல் கிடக்கட்டும்.

நடையைத் துடைத்தாயிற்று. சப்பாத்து முழுவதையும் எடுத்து அலுமாரிக்குள் அடைத்தாயிற்று, என் பனிச்சப்பாத்தையும். தைலப் போத்தலும் உள்ளே. தர். "ஏனம்மா இதெல்லாம் எடுக்கிறியள்?" என்று கேட்டாள். ஆள் நெடுவல், விழ இடம் வேணும் என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மணி அடிக்கிறது.